இவ்விலை மாலை ஆறு மணிவரை

நிலாவெளி விடுதி மூடியபோது
மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடாக
நூற்றைம்பது கதிரை உறை தந்தார்கள்.
வெள்ளைச் சட்டின். பின்னால் முடிச்சுப்போட நாடா.
ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை.
மீன்பெட்டி கட்டிய சைக்கிளில்
அலஸ்தோட்டம் வரைக்கும் தம்பி மூன்று நடை.
சில உறைகளில் இன்னும் சூடை மணம்.

கதிரையே இல்லாமல் உறையை வைத்துக்கொண்டு
ஒருத்தி எதைத்தான் தொடங்குவாள்?

கலியாணம் தொடங்கினேன்.
(என்னுடையதல்ல. அதை அம்மா இன்னும் கேட்கிறா.)

பெயர் அட்டை அடிக்கப் போனால்
அச்சகத்து றொட்றிகோ அண்ணை,
"சோதனைக்கே தாள் இல்லையாம், உனக்கென்ன" என்றார்.
விடுதி அறைத் திறப்புச் செருகும் மட்டைகள்
ஒரு கட்டு என்னிடம் கிடந்தன.
புறத்தில் கையால் எழுதினேன்:
வாணிலா, மங்கல காரியங்கள்.
உள்ளே அழியாமல் இருந்தது
காலை உணவு ஏழு முதல் பத்து வரை.

மா ஆலைச் சிவகடாட்சம்தான் முதல் ஆள்.
மகளுக்கு ஆனியில் நாள்.
விலை கேட்டார், சொன்னேன்.
வீட்டில் கதைத்துவிட்டு மூன்றாம் நாள் வந்தார்.
அதற்குள் பருப்பு வேறு, சீனி வேறு,
டொலர் வேறு எங்கோ.
புதுத் தாள் எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
இவ்விலை மாலை ஆறு மணிவரை.
அவர் சிரிக்கவில்லை.
மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நாற்பது.
கையெழுத்து வைத்தார்.

பிறகுதான் விளங்கியது
நான் விற்கப்போவது அலங்காரமில்லை,
வரிசை.
காஸுக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று,
பால்மாவுக்கு விடியப்புறம் ஒன்று.
எட்டுப் பெடியளை நாட்கூலிக்குப் பிடித்துக்
கொப்பியில் கோடு கீறினேன்:
யார், எங்கே, எத்தனை மணிக்கு,
அவன் சாப்பிடப் போனால் யார்.
மேடை கட்டும் கிண்ணியாப் பஸ்மிலா
எட்டிப் பார்த்துச் சொன்னாள்,
"நீ கலியாணம் நடத்தல்ல புள்ள, பட்டாளம் நடத்துறாய்."

சீனக்குடாக் காட்டுக்குள்
பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள்.
அந்தப் பக்கமாகத்தான் நீண்டு கிடந்தது
ஐந்து லீற்றருக்கு நிற்பவர்களின் வால்.
அதில் மாப்பிள்ளை யுகேந்திரனும்.
பெண்ணின் கையில் மருதோன்றி.
அவன் முன்கையில் மார்க்கரால் 417.
விடிந்தால் முகூர்த்தம் என்று
என் பெடியன் ஒருவனை அவனிடத்தில் நிறுத்தி
அவனைக் குளிக்க அனுப்பினேன்.
ஐயர் காப்புக் கட்டும்போதும்
அந்த இலக்கம் போகவில்லை.

முகூர்த்தம் ஒன்பது பன்னிரண்டு.
கரண்ட் போவது ஒன்பது.
மின்சாரசபை எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறதோ.
காற்றாடி நின்றது, மைக் செத்தது,
நாயனக்காரர் ஒருகணம் முழித்துவிட்டு
மூச்சை முழுசாக இழுத்து ஊதினார்.
தெருவில் போனவர்கள் நின்றார்கள்.
விறகடுப்புப் புகையில் பெண்ணும் அழுதாள்,
எதற்கென்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எண்பது பேருக்குச் சொல்லி எழுபத்தொருவர்.
பஸ் இல்லை.
வெறுங்கதிரை ஒன்பதைப் பின்சுவரோடு தள்ளினேன்,
படத்தில் விழக்கூடாது.
அழையாமல் வந்தவை மூன்று மான்கள்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
வாசல் வாழையை இலை இலையாகத் தின்றன.
விரட்டப் போன தம்பியைச் சிவகடாட்சம் மறித்தார்:
"விடு, சாப்பாடு மிச்சம்தானே."

மீதிக் காசுக்குப் பதில் ஒரு மூடை மா தந்தார்.
தலை குனிந்தபடி தந்தார்.
நான் வாங்கிப் பழகியவள்தான்.

பின்னேரம் உறைகளைத் தோய்த்தேன்.
சவர்க்காரம் பாதிக் கட்டி.
ஒன்றில் மஞ்சள் கறை போகவேயில்லை,
'மூன்றாம் வரிசை, தூணுக்குப் பின்' என்று
கொப்பியில் குறித்தேன்.
கொடியில் காற்று புகுந்து
ஒவ்வொன்றும் ஆள் இருப்பதுபோல் புடைத்தது.

போன் அடித்தது.
சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய்.
ஆவணியில் செய்யலாமா பிள்ளை, எவ்வளவு வரும்?
மணி ஆறு ஐந்து.
கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி
ஈரக்கையைத் துடைத்தேன்
காயாத ஓர் உறையில்.