இரவல்

காலை எட்டு மணி.
யீஷூனில் ஒரு தொடக்கப்பள்ளி உணவகம்.
மேசைமேல் வாக்காளர் பட்டியல், ஓர் அடிக்கோல்,
ஆறிப்போன கோப்பி-ஓ.
நேற்றுவரை அறிவியல் ஆசிரியர்,
இன்று என் கழுத்தில் வேறோர் அட்டை.

வருகிறவர் ஐசியை நீட்டுவார்.
படத்தைப் பார். முகத்தைப் பார்.
மறுபடி படத்தைப் பார்.
பேரையும் எண்ணையும்
எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படி.
கோடு போடு.
சீட்டைக் கிழித்துக் கொடு.

இந்த வேலை எனக்குப் புதிதில்லை.

பத்தொன்பது வயதில்
ஆர்ம்ஸ்கோட் கம்பிச் சன்னலுக்குப் பின்னால்
இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.
இருட்டிலிருந்து ஒரு கை
இலெவன்-பி அட்டையை நீட்டும்.
படம், முகம், மறுபடி படம்.
அட்டை என் பலகை ஆணியில் தொங்கும்,
துப்பாக்கி அவன் தோளில் தொங்கும்.
பக்கத்துக் கட்டிலில் படுத்தவனானாலும்,
நேற்று என் காலுறையை வாங்கிப் போட்டவனானாலும்,
அட்டை இல்லையென்றால்
அவனை எனக்குத் தெரியாது.

விலைக்குத் துப்பாக்கி விற்கிற ஊர்கள் இருக்கின்றன,
செய்தியில் பார்க்கிறேன்.
இங்கே எல்லாம் இரவல்.
எண்ணெய் போட்டுத் துடைத்து
அந்திக்குள் திருப்பித் தர வேண்டும்.
வாக்குச்சீட்டும் அப்படித்தான்,
இரண்டு நிமிடம் உன்னுடையது.

பத்தரைக்கு மீன் உருண்டை மீ விற்கிற பெரியவர் வந்தார்.
அட்டை வீட்டில்.
கைப்பேசியில் சார்ஜ் இல்லை.
"இருபது வருசமா என் மீயைச் சாப்பிடுற.
மிளகாய் வேணாம், வினிகர் கூடன்னு
நீ சொல்லாமலே எனக்குத் தெரியுது.
நான் யாருன்னு உனக்குத் தெரியலையா?"

தெரியும் அங்கிள்.
தெரிவது போதாது.

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார்.
நாளைக்கு என் கிண்ணத்தில்
ஓர் உருண்டை குறையும்.

பிறகு அவள்.
"ஷர்மிளா த/பெ நாகப்பன், அறுநூற்றுப் பன்னிரண்டு!"
சீட்டை வாங்கியவள் திரும்பி
வாசலைப் பார்த்தாள்.
கயிற்றுக்கு அப்பால் ஒருவன்,
தோளில் தூங்கும் பிள்ளை,
சட்டைப் பையில் பால் போத்தல்.

பேர் வரவில்லை எனக்கு.
எண்தான் வந்தது.
முப்பத்தேழு.
அடிக்கட்டையில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய
முப்பத்தேழு.
இரண்டு வருடம்
எத்தனை விடியற்காலை
அந்தக் கனத்தை அவன் கையில் வைத்திருப்பேன்.
சன்னலில் எங்கள் எல்லாருக்கும்
ஒரே நிறத்து அட்டை.
வீட்டு அலமாரியில் அவனுடையது நீலம் என்று
அன்று நானும் கேட்கவில்லை,
துப்பாக்கியும் கேட்கவில்லை.

பதினெட்டில் அவன் கையில் கொடுத்தோம்,
இந்தத் தீவைக் காக்க.
முப்பத்து நான்கில் கயிற்றுக்கு வெளியே.
விண்ணப்பித்து வரவில்லையா,
விண்ணப்பிக்கவே இல்லையா,
ஜொகூரில் இன்னும் எதையாவது
விடமுடியாமல் வைத்திருக்கிறானா,
தெரியாது.
கேட்டிருக்கலாம்.
வரிசை நீளமாக இருந்தது.

அவன் என்னைப் பார்த்துவிட்டான்.
பிள்ளை எழுந்துவிடாமல்
ஒரு கையை மட்டும் விடுவித்து
மூன்று விரல் காட்டினான்.
அப்புறம் ஐந்து, அதோடு இரண்டு காட்ட
கை போதவில்லை.
சிரித்தான்.

ஷர்மிளா மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டாள்.
வெளியே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.
இருவரும் கோப்பிக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

இரவு எட்டுக்குக் கதவடைத்தோம்.
கிழித்த சீட்டு, மீந்த சீட்டு,
எண்ணிக் கூட்டினோம்.
முகாமில் ஒரே ஒரு துப்பாக்கி குறைந்தால்
எல்லா விளக்கும் எரியும்,
புல்லைக்கூடப் புரட்டித் தேடுவோம்,
ஒருவரும் தூங்க மாட்டோம்.

இங்கே ஒன்றும் குறையவில்லை.
"எல்லாம் சரி" என்ற இடத்தில்
கையெழுத்திட்டேன்.