எத்தனை படி

மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏறுவீர்கள்
என்பது படிவத்தில் நாலாவது கேள்வி.
பொத்தோசி மலைநகரில் மாடிகள் குறைவு.
கசிமிரோ லைமே கொஞ்சம் யோசித்தார்.
"நான் இறங்குகிறவன், டாக்டர்."

எண்பது அடி ஏணி. குனிந்தபடி அரை மணி நடை.
பிறகு இன்னொரு ஏணி.
திரும்பும்போது முதுகில் நாற்பது கிலோ தாது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?
சமவெளியிலிருந்து வந்த எனக்கு
இந்த அறைக்கான பதினாறு படிகளே இன்னும் பழகவில்லை.
தினமும் வாசலில் நின்று
கோப்பில் எதையோ படிப்பதுபோல்
மூச்சை மீட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறேன்.

விரலில் கிளிப்பை மாட்டினேன்.
எண்பத்திரண்டு.
நான் படித்த ஊரில் இந்த எண்ணுக்கு
நாலு பேர் ஓடி வருவார்கள்.
கருவியைச் சந்தேகித்து என் விரலில் மாட்டினேன்: எண்பத்தேழு.
எட்டிப் பார்த்து, "ஜெயித்துவிட்டீர்கள்" என்றார்.

வாயைத் திறங்கள். நாக்கை நீட்டுங்கள்.
கடைவாயில் கோக்கா இலையின் பச்சை.
உள்நாக்கு பாதி தெரிகிறது.
மேல்வரிசையில் ஒரு தங்கப் பல், பக்கத்தில் ஆடும் பல்.
"ஆடுவது போனால் போகட்டும்,
தங்கத்தை எண்ணி வைத்திருக்கிறேன்"
என்றாள் எவுலோகியா, அவர் மனைவி,
ஜன்னலோரம், தொப்பியைக் கழற்றாமல்.

புகைப்பதுண்டா?
இல்லை.
சற்றுப் பொறுத்து: வெள்ளிக்கிழமை மட்டும். மாமனோடு.
மாமன் சுரங்கத்துக்குள் இருக்கிறார்,
கொம்பு முளைத்த களிமண் உடம்போடு.
அவர் வாயில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து
கூடவே தானும் ஒன்று பிடிப்பது மரியாதை.
வாரத்துக்கு ஒன்று என்று எழுதினேன்.
"மாமனுடையதையும் இவர்தான் முடிப்பார்."
இரண்டு என்று திருத்தினேன்.

எத்தனை தலையணை வைத்துப் படுப்பீர்கள்?
ஒன்று என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால் எவுலோகியா
மூன்று விரல்களைக் காட்டினாள்,
பிறகு சுவரைக் காட்டினாள்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.
குழந்தைச் செருப்பின் ஒட்டுப்பட்டையை
யாரோ மெல்லப் பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்,
இரண்டு பக்கமும், அடியிலிருந்து பாதி வரை.

குடலிறக்கம் மூன்று வருஷமாக.
உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நடக்கிறார்.
இரண்டு முறை தேதி கொடுத்திருக்கிறார்கள்,
இரண்டு முறையும் விடிகாலையில் கட்டில் காலி.
ஏன் ஓடினீர்கள் என்று படிவம் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.

"கத்திக்குப் பயமில்லை" என்றார்.
அப்புறம் தன் முழங்கால்களிடம் பேசினார்.
"வாயுவுக்கு வாசனை கிடையாது.
முதலில் கொட்டாவி வரும். உடம்பு சுகமாக இருக்கும்.
உட்காராதே என்று அனக்லெத்தோவிடம் கத்தினேன்.
அஞ்சு நிமிஷம் என்றான். என் தம்பி மகன்.
போன தடவை இங்கிருந்த டாக்டரும் அதையே சொன்னார்,
பத்து வரை எண்ணுங்கள், சுகமாகத் தூக்கம் வரும் என்று."

அந்த நெஞ்சைத் தூங்க வைக்காமலிருக்க
எனக்கும் காரணங்கள் இருந்தன.
முதுகில் ஒரு ஊசி என்றேன்.
இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்.
விழித்தே இருப்பீர்கள். தலைமாட்டில் நான்.
புதன்கிழமை இதயத்தைப் படம் எடுக்க வேண்டும்,
அது என்ன சொல்கிறதோ, அதற்குப் பிறகுதான் உறுதி.

"பேசலாமா?"
பேசலாம்.
"நீங்கள் தூங்கிவிடக் கூடாது."
மாட்டேன்.

ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கூடாது, இலையும் கூடாது.
இலை சாப்பாடில்லையே என்று வாதாடினார்.
இல்லைதான், ஆனாலும் கூடாது.
கையெழுத்துப் போட நெடுநேரம் எடுத்தார்,
ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி,
அடுத்த தாளிலும் பதியும்படி.

படம் சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி.
"வெள்ளிக்கிழமையா?" மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.
அவருடைய இலைப்பையை எடுத்துத்
தன் மடியில் செருகிக்கொண்டே அவள் சொன்னாள்:
"மாமனுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.
அவரும் ஒரு வாரம் பட்டினி கிடக்கட்டும்."