வாளி நிலம்

லிஃப்ட் இல்லாத கட்டடம்.
தெருவிலிருந்து என் கதவுக்கு நூற்றுப் பதினான்கு படி.
மண்ணுக்குக் கால் இல்லை,
கயிற்றில் கட்டி இழுத்தேன்.

முப்பத்தொன்பதாம் தெருவில்
மாடிக்கு ஒரு கயிறு தொங்கும்;
கீழ்நுனியில் கவ்வி, மேல்நுனியில் மணி.
செய்தித்தாள் ஏறும், மொஹிங்கா பொட்டலம் ஏறும்,
கரண்ட் பில் தவறாமல் ஏறும்.
கரண்ட் மட்டும் ஏறாது.

அன்று ஏறியது இன்செய்ன் மண்.
"வயல் மண் அக்கா, நெல் விளைஞ்சது" என்று விற்றான்.
கொட்டிப் பார்த்தால்
பாதி உமிச்சாம்பல்,
ஒரு நத்தை, ஒரு சட்டைப் பொத்தான்,
பிடி உடைந்த கரண்டி.
யாரோ நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

எனக்கு நிலப் பத்திரம் இல்லை;
பாத்திரம் உண்டு.
அண்ணன் வேதகிரி சுவருக்கு வண்ணம் அடித்தவன்,
ஒரு நாள் கப்பல் வேலைக்கு ஏறிவிட்டான்.
ஏழு வாளிகளை விட்டுப் போனான்.
கடல்நீலம் காய்ந்த வாளியில் புளிச்சக்கீரை.
சந்தன மஞ்சளில் மிளகாய், இரண்டு செடி.
யாருடைய படுக்கையறைக்கோ கலந்து
அவர்கள் வேண்டாம் என்ற ரோஸில் புதினா.
வெள்ளையில் கறிவேப்பிலை,
எட்டு மாதமாய் நான்கே ஈர்க்கு.
விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
இது முளையிலேயே யோசிக்கிறது.

பால்கனி எட்டடிக்கு மூன்றடி, சுற்றிலும் கம்பி.
திருடனுக்காக வைத்த கம்பியில்
இப்போது அவரை ஏறுகிறது,
திருடனை விட நிதானமாக.
வெயில் பத்தே காலுக்கு வரும்,
பதினொன்று நாற்பதுக்கு எதிர்க் கட்டடத்தின் பின்னால் போய்விடும்,
வாசலில் நின்றே பேசிவிட்டுக் கிளம்பும்
சொந்தக்காரரைப் போல.
அதற்குள் வாளிகளை ஒவ்வொன்றாய் நகர்த்துவேன்.
தையல் மெஷின் காத்திருக்கும்.
காலர்களுக்கு என்ன அவசரம்.

ஐந்தாம் மாடி டோ கின் ஸோ யீக்கு
என் தோட்டம் பிடிக்கவில்லை.
ஒரு மாலை மணி அடித்தது. இழுத்தேன்.
கவ்வியில் துண்டுக் காகிதம்.
தமிழை விட எனக்குச் சுலபமாய் வரும் எழுத்து,
வட்டம் வட்டமாய், சொட்டுச் சொட்டாய்:
"உன் கீரை என் லொஞ்சியில் விளைகிறது."

அடியில் தட்டு வைத்தேன். நிரம்பிச் சொட்டியது.
மூன்று மிளகாய் இறக்கினேன்.
எடுத்துக்கொண்டாள், பதில் இல்லை.
ஒரு கட்டுப் புளிச்சக்கீரை இறக்கினேன்.
மறுநாள் ஏறி வந்தது அதே கீரை,
மூங்கில் குருத்தோடும் இறாலோடும் சுருண்டு,
டிபன் டப்பாவில், இன்னும் சூடாக.
கூடவே காகிதம்:
"லொஞ்சி இன்னும் நனைகிறது."

பிறகு சித்திரை வந்தது.
கரண்ட் போனால் மோட்டார் இல்லை,
மோட்டார் இல்லையென்றால்
ஆறாம் மாடிக்குத் தண்ணீர் என்பது
கேள்விப்பட்ட சங்கதி.
நான்கு நாள்.
அரிசி கழுவிய நீர் மிளகாய்க்கு.
முகம் கழுவியது புதினாவுக்கு;
அதன் மேலுள்ள மரியாதைக்கு
சோப்புப் போடாமல் கழுவினேன்.
புளிச்சக்கீரை தலையைத் தொங்கப் போட்டது.
அதைத் திட்டினேன்.
இரவில் மன்னிப்பும் கேட்டேன்.

ஐந்தாம் நாள் விடியுமுன் மணி.
கயிறு கனத்தது, உள்ளங்கையை அறுத்தது;
மண் மூட்டைக்குப் பிறகு
இவ்வளவு கனமாய் எதுவும் ஏறியதில்லை.
கவ்வி தாங்காதென்று முடிச்சுப் போட்டிருந்தாள்.
எண்ணெய் டின், வாய்வரை தண்ணீர்,
அவள் வீட்டு ஜாடியின் குளிர்ச்சியோடு.
காகிதம் நனைந்து மை பரவியிருந்தது.
ஆனாலும் படிக்க முடிந்தது:
"சொட்டாமல் ஊற்று."

கிண்ணத்தால் மொண்டு மொண்டு
வேர் வேராகப் பார்த்து ஊற்றினேன்.
நத்தை தலையை நீட்டியது,
இத்தனை நாள் எங்கே இருந்ததோ.
கை நடுங்கியிருக்க வேண்டும்.
கம்பி இடுக்கில் ஒரு சொட்டு இறங்கியது.

மூச்சைப் பிடித்து நின்றேன்.
கீழே
கொடிக்கயிறு நகரும் சத்தம்.