சிறுபோகக் கணக்கு

மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு குப்பிகள் வந்தன.
வியாழக்கிழமை, மத்தியானம்.
வார்ட்டில் நாற்பத்தொரு பேர்.
குளிர்ப்பெட்டியோடு ஒரு கடிதம்:
இந்த மருந்தின் செய்முறை
இன்னும் பதினேழு வருடத்துக்கு ஒரு கம்பனியின் சொத்து.

நான் மருந்தாளர். எண்ணுவது என் தொழில்.
குப்பியின் கழுத்தில், காலாவதித் திகதிக்குக் கீழே,
எறும்பு ஊர்ந்த அளவில் காப்புரிமை இலக்கம்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டி வாசித்தேன்.
பதினொரு எண்கள்.

அதே மருந்தைக்
கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை
தேத்தண்ணிக் காசுக்குச் செய்கிறதாம்.
சரக்குத் துறைமுகத்தில் இறங்கிவிட்டதாம்.
வழக்கு முடிய வேண்டுமாம்.

தாண்டிக்குளத்தில் பையைக் கொட்டிப் பார்த்த நாட்களில்
பனடோல் அட்டையைச்
சட்டைக்கை மடிப்புக்குள் தைத்துக்கொண்டு வந்தவள் நான்.
அப்போதும் ஒரு பட்டியல் இருந்தது.
அதைக் கையில் வைத்திருந்த பெடியனுக்கு வியர்த்தது,
என் கையைப் பார்த்தான், வேறுபக்கம் திரும்பினான்.
இந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
திரும்பிக்கொள்ள அதற்கு முகம் இல்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும்.
பங்குனியில், காய்ச்சலுக்குப் பெயர் வைக்குமுன்,
இரண்டு பேர் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள்.
முதலில் தப்பிப் பிழைத்த துணுக்காய் சுகிர்தமலர்
ஆறு குழாய் இரத்தம் கொடுத்தாள்.
கடுதாசியை நான்தான் தமிழில் சொன்னேன்.
"ஆராய்ச்சிக்கு" என்றேன். கைநாட்டு வைத்தாள்.
மூன்றாம் பக்கத்தைச் சொல்லவில்லை.
கியூ நீண்டிருந்தது என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அவளுடைய மகன் இருபத்தொன்பதாம் கட்டிலில்.
"அக்கா, என்ர ரத்தத்திலயும் கொஞ்சம்
இதுக்குள்ள கிடக்கும் என்ன?"
கிடக்கலாம். கிடக்காமலும் போகலாம்.
எத்தனையோ ஊர்களின் கைகளில் ஊசி ஏறியிருக்கும்.
நான் வெப்பமானியை உதறிக்கொண்டு நின்றேன்.

டொக்டர் றிஸ்மி கெட்டவர் அல்ல.
"உரிமை இல்லாட்டி அடுத்த மருந்தை ஆர் செய்வினம்?
பத்து வருஷம் கண்ணாடிக் குழாயோட கிடந்தவைக்கும்
சோறு வேணுமெல்லோ" என்றார்.
உண்மைதான்.
அதைச் சொன்ன நேரம் அவர் கையில் பென்சில்.
பன்னிரண்டு பெயர் எழுதி, ஒன்றை அழித்து,
அழித்த இடத்தில் அதே பெயரைத் திரும்ப எழுதினார்.

எனக்கு அந்தச் சிறுபோகம் நினைவு வந்தது.
வவுனிக்குளத்தில் தண்ணீர் அரைவாசிக்கும் கீழே.
கமக்காரர் கூட்டத்தில் நமசிவாயத்தார் எழும்பி,
"இருபது ஏக்கருக்கும் உறுதி என்ர பேரில" என்றார்.
"உறுதி உங்கட பெட்டியிலயே கிடக்கட்டும்,
ஒருத்தரும் கிழிக்கேல்லை.
இந்தப் போகம் மட்டும் ஆளுக்கு இரண்டு ஏக்கர்.
உங்கட காணியில விதைக்கிறவன்
ஏக்கருக்கு ஒரு மூட்டை தருவான்."
அவர் திட்டினார். கதிரையைத் தள்ளினார். போனார்.
ஆவணியில் மூட்டைகளை எண்ணி வாங்கினார்,
ஒன்று ஈரம் என்று திருப்பியும் அனுப்பினார்.
மாரியில் காணி அவரிடமே போனது.
அந்த வருடம் ஒருத்தரும் நெல்லுக்காகக் கடன் படவில்லை
என்று சொல்லமாட்டேன். சிலர் பட்டார்கள்.
ஆனால் எல்லா வயலிலும் பச்சை இருந்தது.

நேற்று இரவு அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
சட்டம் எனக்குத் தெரியாது.
அவசர காலத்தில் உரிமையை மடித்து வைக்க
அதில் ஏதோ ஒரு பிரிவு உண்டாம். இருந்தால் எடுங்கள்.
கம்பனிக்குரிய மூட்டையைக் கொடுங்கள்,
ஈரமில்லாமல் கொடுங்கள்.
இணைப்பு ஒன்று:
வவுனிக்குளம் கூட்டக் குறிப்பேடு, பக்கம் நாற்பத்தேழு, பிரதி.
இணைப்பு இரண்டு:
கைநாட்டு வைத்த கடுதாசியின் மூன்றாம் பக்கம்,
இந்தத் தடவை முழுவதும் தமிழில்.

அதை விடியமுதல் சுகிர்தமலருக்கும் வாசித்துக் காட்டினேன்.
கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.
பட்டியலில் அவள் மகன் எத்தனையாவது என்று மட்டும் கேட்டாள்.

பதின்மூன்று.