பதிவேட்டில் கடைசிக் கட்டம்

ஆனி மாசம். இரவு பதினொன்றேகால்.
கேரளத்தில் மழையை இறக்கிவைத்துவிட்டு
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே
வெறுங்கையோடு ஓடிவருகிறது காற்று.
அந்த வெறுங்கைதான் எனக்குச் சம்பளம் தருகிறது.

பணகுடி துணைமின்நிலையத்தில்
மணிக்கொரு தரம் எண் எழுதுகிறவள் நான்.
வந்தது இவ்வளவு. போனது இவ்வளவு.
கடைசிக் கட்டம்: இழப்பு.
ஆற்றல் அழியாது என்று எட்டாம் வகுப்பில் எழுதி
மார்க் வாங்கியவள்தான் நானும்.
இந்தப் படிவத்தை அச்சடித்தவர்
அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை போலிருக்கிறது.

இழப்பை எனக்குத் தெரியும்.
இரண்டாம் நம்பர் டிரான்ஸ்பார்மரின் உறுமல் அது.
எண்ணெய் ஏறி இறங்கும் தகட்டு மடிப்புகளுக்குக் கீழே
ஜல்லியில் குழிபறித்துப் படுத்திருக்கும்
செவலை நாயின் முதுகு அது.
ஈன்று பதினொரு நாள். நான்கு குட்டி.
மலைப்பக்கமிருந்து தப்பிவரும் சாரல்
அந்த இடத்தில் மட்டும் விழுந்ததும் உலர்ந்துவிடும்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மதுரையிலிருந்து போன்.
ஊரெல்லாம் தூங்குகிறது, வாங்க ஆளில்லை,
நாற்பது மெகாவாட் குறை.
காற்றாலைக் கம்பெனி கடற்கரையைக் கூப்பிட்டேன்.
"வீசுற காத்த வேண்டாங்கியளே மேடம்!
ஆடில கேட்டாக் கெடைக்குமா?"
சொல்லிக்கொண்டேதான் நிறுத்தினான்.
தூரத்தில் ஒவ்வொரு இறக்கையும்
காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி
கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி நின்றது.

பிரேக்கருக்குள் இறுகிக் கிடந்த சுருள்வில்
ஒரே அடியில் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டது.
ஐசொலேட்டர் மோட்டார் மட்டும் அசையவில்லை.
கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன்.
முப்பத்தெட்டுச் சுற்று.
இருபதில் தோள் எரிந்தது.
எட்டு மணிக்குத் தின்ற இரண்டரைத் தோசை
எரிகிற எரிச்சல்.

அந்த அரிசி அம்பாசமுத்திரத்து அரிசி.
பாபநாசத்தில் குழாய்க்குள் விழுந்து
சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சும்மா வந்த தண்ணீர்
பாய்ந்து விளைந்தது.
விழுந்ததில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை,
உயரம்தான் செலவானது.
அந்த உயரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது வெயில்,
மேற்குக் கடலிலிருந்து தூக்கிச் சுமந்து, கூலி கேட்காமல்.
மாவை அரைத்தது இந்தக் கம்பிதான்.
அதே கம்பியின் வாயை
இப்போது நான் திறந்துவைக்கிறேன்.

வேண்டாம் என்றால் காற்று நின்றுவிடுமா?
முருங்கைக் கிளையொன்றை முறித்தது.
செல்வின் புரோட்டாக் கடைத் தகரத்தை
தூக்கித் தூக்கி அடித்தது.
பனைகளை விடியவிடியப் பேசவைத்தது.
தேரிக்காட்டில் செம்மணலை
ஒரு விரற்கடை தள்ளி வைத்திருக்கும்.
இதற்கெல்லாம் மீட்டர் கிடையாது.

இரண்டு மணி.
பாரம் இறங்கியதும் உறுமல் முனகலானது.
சுமக்க ஒன்றுமில்லாவிட்டாலும்
இரும்புக்கு அந்த முனகல் உண்டு.
இழப்பு குறைந்திருந்தது.
நல்ல செய்தி, மேலே அனுப்பவேண்டியது.
அனுப்பினேன்.

மூன்று மணிக்குக் குட்டிகள் சிணுங்கின.
தகட்டைத் தொட்டுப் பார்த்தேன்:
காய்ச்சல் விட்ட நெற்றி.
மழைக்கோட்டை மடித்து எடுத்துப் போனேன்.
செவலை பல்லைக் காட்டி, பிறகு வாசனை பிடித்து
விட்டுக்கொடுத்தது.
மீந்த அரைத் தோசை ராத்திரியே
அதன் வயிற்றுக்குள் போயிருந்தது,
இந்நேரம் பாலாகியிருக்கும்.
ஒரு குட்டியின் வயிற்றில் கைவைத்தேன்.
உள்ளங்கை அளவு உலை.

நாலேகாலுக்கு மறுபடி போன்.
ஊர்கள் விழிக்கின்றன, மோட்டார்கள் ஓடத் தொடங்குகின்றன.
"அங்கே காத்து இருக்கா?"
இருக்கு என்றேன்.
நான் சொல்வதற்குள் அவருக்கே
போனில் கேட்டிருக்கும்.