கோழிக்கு மட்டும்

மூன்றாம் தடவையும் கொழும்பிலிருந்து பௌசான் எடுத்தார்.
"தங்கச்சி, கையெழுத்தும் கறுப்பு, அச்செழுத்தும் கறுப்பு.
ஒரே நிறமா ஈக்க ஏலாதாம்."

துறைமுகத்தில் ஒரு பெட்டி எலும்புமா
பதினொரு நாளாய் வெயில் காய்கிறது.
பெட்டிக்கு வாடகை, நின்ற நிலத்துக்கும் வாடகை.
சுன்னாகத்தில் எங்கள் ஆலை
வெறும் சோளத்தைக் கடித்தபடி இரைகிறது.

முதலாளி குணநாயகம் சுத்த சைவம்.
மூட்டைக்குள் கை விடமாட்டார்.
மணத்தை வைத்தே தரம் சொல்வார்,
வெள்ளிக்கிழமையில் அதுவும் இல்லை.
பெட்டிக்குள் இருப்பது பன்றி.
பௌசான் சிரிப்பார்:
"நான் தொடுறது கடதாசிய மட்டும்தானே."
தொடாத இரண்டு பேருக்கும் நடுவில்
கடதாசி நிரப்புவது நான்.

விலங்கின் இனம்.
பிறந்த நாடு, வளர்ந்த பட்டி.
சாகுமுன் வைத்தியர் பார்த்தாரா,
செத்தபின் பார்த்தாரா.
துகள் ஐம்பது மில்லிமீற்றருக்கு மேல் இல்லை.
நூற்று முப்பத்து மூன்று பாகை, மூன்று பார் அமுக்கம்,
இருபது நிமிடம், இடையில் தணியாமல்.
இருபத்தைந்து கிராமில் சல்மொனெல்லா இல்லை.
மாடு கலக்கவில்லை, ஆடு கலக்கவில்லை,
கலக்கவில்லை என்பதற்கு ஆய்வுகூடம் சாட்சி.
இறந்த இடம் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
ஒரு பன்றிக்கு இவ்வளவு விலாசம்.
பிறகு எழுதியது.

மத்தியானம் ஏழாலையிலிருந்து பவளராணி வந்தார்,
சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு.
"கோழித்தீன் ஒரு மூட்டை தா பிள்ளை.
செவலைக்கு வைச்சுப் பாப்பம்.
கோழி திண்டு முட்டை போடுது,
மாடு திண்டால் பால் விடாதோ?"

போன தடவை வந்ததில் எட்டு மூட்டை இருந்தது.
விற்றால் காசு.
சிவப்பு எழுத்தைக் காட்டினேன்:
அசைபோடும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது.

"ஏனாம்?"

சொன்னேன். ஒரு காலத்தில், ஒரு நாட்டில்,
மாட்டு எலும்பை அரைத்து மாட்டுக்கே வைத்தார்கள்.
மூளை இடியப்பத் தட்டுப்போல ஓட்டை ஓட்டையாய்ப் போனது.
கால் பின்னி, எழும்ப ஏலாமல் விழுந்து செத்தன.

"மாடு கேட்டதோ?"
"இல்லை."
"அது என்னத்தைக் கண்டுது. மாவெண்டால் மா."

கொஞ்ச நேரம் தராசுத் தட்டில் குந்தியிருந்தார்.
தராசு ஐம்பத்தொன்று காட்டியது,
பிறகு ஐம்பதரை, பிறகு ஐம்பத்தொன்று.
"தன்ர இனத்தைத் தனக்கே தீத்தினால்
எந்தச் சீவன்தான் நிமிந்து நிக்கும்."

இதைத்தான் வர்த்தமானி
ஏழு பக்கத்தில் சொல்லியிருந்தது,
உபபிரிவு, அட்டவணை, இணைப்பு எல்லாம் போட்டு.

இருபது கிலோ எள்ளுப் புண்ணாக்கு, பாதி கடன்.
போகும்போது திரும்பிப் பார்த்தார்.
"அந்த வெறுஞ்சாக்கையாவது தாவன்,
மழைக்கு மாட்டின்ர முதுகில போட."
அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது.
வெறுஞ்சாக்கையும் எரிக்க வேண்டும்.
அவருடைய முகத்தைப் பார்க்காமல் இல்லையென்றேன்.
என்னுடைய குடையை எடுத்துக் கொடுக்கலாமோ என்று
ஒரு முட்டாள் யோசனையும் வந்தது.

நாலரைக்குப் பௌசான்.
"நீல மையில வந்திட்டு. விட்டுட்டாங்க."
லொறி இரவே ஏறும், விடிய முன் ஆனையிறவு தாண்டும்.
குணநாயகம் நெற்றியில் திருநீறு தொட்டு
யன்னலைச் சாத்தினார்,
பின்வளவில் சாக்கு எரிகிற மணம் வந்ததால்.
அது யாரோ எதையோ அடிப்பிடிக்க விட்ட மணம்தான்,
ஆனால் ஒருவருக்கும் பசிக்கவில்லை.

நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு புதுச் சாக்கில்
சிவப்பு எழுத்து அடிக்க வேண்டும்.
அச்சுக்காரப் பெடியன் அளவு கேட்டான்.
மாடு வாசிக்காது.
கொஞ்சம் பெரிதாகவே போடு என்றேன்.