ஆறு மணி நேரம், பினாங்கு

ஆலையை மூடியபோது கொடுத்த பணத்தில்
கூரை மாற்றினோம், பிரவினாவின் படிப்புக் கடனில் பாதி அடைத்தோம்.
மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் வெள்ளி.
கப்பலில் போவோம் என்றேன்.
ரெத்னவேலு தேநீரை ஆற்றிக்கொண்டே
"நான் பார்க்காத கடலா?" என்றார்.

பார்த்ததுதான்.
இருபத்தாறு வருடம் ஃபெரியில் கயிறு பிடித்தவர்.
பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு,
தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு.
அவருடைய கடலின் அகலம் மூன்று கிலோமீட்டர்.
பிரவினா ஒருமுறை கணக்குப் போட்டாள்:
பூமியை நாலரைச் சுற்று வந்திருக்கிறார்,
மூன்றாவதாக ஒரு துறைமுகம் பார்க்காமல்.

லெபோ பந்தாயில் மிஸ் ஊயின் அலுவலகம்.
காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு
மூன்று தாள்களை மேசையில் பரப்பினாள்.

புக்கெட், கிராபி.
"மணலைப் பார்க்க அவ்வளவு தூரமா? பத்து ஃபெரிங்கிக்கு
நூத்தியோராம் நம்பர் பஸ் போகுதே."
அடுத்தது கொழும்பு. எனக்கு ஆசைதான்.
ஆனால் மதியம் இரண்டுக்குக் கரை தொட்டு
ஆறுக்குக் கிளம்பிவிடுகிறது கப்பல்.
நாலு மணி நேரத்தில் ஒரு சேலைக் கடையில்
முதல் அலமாரியைக்கூட நான் தாண்டியதில்லை.
அதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று நாள் தண்ணீர்;
"கடலில் ஓய்வு" என்று அச்சடித்து
அதற்கும் காசு.

சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் என்றால்
செவுளைத் தூக்கிப் பார்க்கலாம்.
இந்தத் தாள்களில் எல்லா ஊரும்
இன்று காலை பிடித்ததாகவே மின்னுகிறது.

மூன்றாவது தாளை அவர்தான் எடுத்தார்.
சிங்கப்பூர். மலாக்கா. பினாங்கு. லங்காவி. சிங்கப்பூர்.
"நம்ம ஊரு."
மிஸ் ஊய் பதறிப்போனாள்.
"சாரி அங்கிள், அது வெளியூர்க்காரர்களுக்கு.
பினாங்கு ஆட்கள் யாரும் எடுக்க மாட்டார்கள்."
அவர் தாளைத் திருப்பித் தரவில்லை.

நம்மைப் பற்றி என்ன போட்டிருக்கிறான் என்று
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.
காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை.
மலை, கோயில், சுவர் ஓவியங்கள், செண்டோல்.
நிழல் குறைவு, தொப்பி அணியவும்.

முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த ஊருக்கு
ஆறு மணி நேரம் போதுமாம்.
போதாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
மலை ரயில் ஏறிப் பதினேழு வருடம்.
சுவர் ஓவியம் ஒன்றையும் நின்று பார்த்ததில்லை,
அந்த மூலையில்தான் என் பஸ் திரும்பும், ஓடிப் பிடிப்பேன்.

வெளியே வெயிலில் வந்துதான் பேசினார்.
"பெரிய கப்பல் பாலத்துக்கு அடியில நுழையாது.
சுத்திக்கிட்டு வடக்காலதான் வரணும்,
முக்கா ஹெட் விளக்கைத் தாண்டி, விடியற நேரத்துல.
நான் எப்பவும் கிழக்கிலேருந்தே வந்திருக்கேன்.
அந்தப் பக்கத்திலேருந்து நம்ம ஊரு எப்படி இருக்கும்னு
எனக்குத் தெரியாது."

ஆக, ராத்திரி பஸ்ஸில் சிங்கப்பூர் போய்
அங்கே கப்பலேறி
ஆயர் ஈத்தாமுக்கு வருகிறோம்.
மேல்மாடி நபீஸா இதைக் கேட்டுத்
துணிக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஆறு மணி நேரத்துக்கு நான் பட்டியல் போட்டேன்.
மலை ரயில். பஸ் திரும்பும் மூலைச் சுவர்.
வீட்டுக்குப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர்.
மூன்றாவதை அடித்தார்.
"ஊர் பார்க்க வந்தவன் செடிக்குத் தண்ணி ஊத்துவானா?"
"காஞ்சிடும்."
"நபீஸா ஊத்துவா."
கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.
அடித்த வரிக்குக் கீழே எழுதினார்:
ஃபெரி. போக, வர. உட்கார்ந்து.

முன்பணம் புதன்கிழமைக்குள் கட்ட வேண்டும்.
தொப்பி இரண்டு வாங்க வேண்டும்.
இவர் தலைக்கு எந்தத் தொப்பியும் சேராது.